ரு ரீட், ரு ரைட், பேந்து ஏன் ஸ்பீக்கிங்? பரலல் ஸ்றக்சர் கேள்விக்கு விடை எடுக்கிற விதம்

போன கிழமை அக்கான்ர மகள் ஒரு இங்கிலீஸ் மொடல் பேப்பரைக் கொண்டந்து மேசையில போட்டுட்டு முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டு இருந்தாள். நாப்பது கேள்வியில ஒன்பது பிழை, அந்த ஒன்பதில ஐஞ்சு ஒரே சாதிப் பிழை, பரலல் ஸ்றக்சர், அதாவது ஒரு வசனத்தில வரிசையா வாற சொல்லுகள் எல்லாம் ஒரே உருவத்தில நிக்கவேணும் எண்டுற விசயம். "சின்னம்மா, நாலு விடையும் எனக்குச் சரி மாதிரித்தான் கேக்குது, எதைப் போடுறது?" எண்டாள். கேக்குது எண்டு சொன்னாள் பாருங்கோ, வருத்தமே அதுதான். இங்கிலீஸ் கேட்டு வளந்த பிள்ளையளுக்குக் காது சொல்லிக் குடுக்கும், யாழ்ப்பாணத்தில கொக்குவில்லயும் கோண்டாவில்லயும் இருந்து கிழமையில ரெண்டு நாள் ஸ்போக்கின் கிளாசுக்குப் போற எங்கட பிள்ளையளுக்கு அந்தக் காது இன்னும் முளைக்கேல்லை, ஆனா கண்ணும் விரலும் இருக்குத்தானே, தமிழ்க் காதும் இருக்கு, அந்த மூண்டையும் வச்சே உந்தக் கேள்வியைச் செய்யலாம். அவளுக்குச் சொல்லிக் குடுத்ததை அப்பிடியே இங்க எழுதுறன்.

தொடங்க முதல் ஒண்டு. இங்கிலீஸ் வசனங்களைத் தமிழ் எழுத்திலதான் எழுதப் போறன், எங்கட ஊர் வழக்கப்படி. ரு எண்டு எழுதினா அது ரீயும் ஓவும் சேந்த அந்தச் சின்னச் சொல்லு, ரெண்டு எண்ட நம்பர் இல்லை. இந்தியாக்காரர் இதை டு எண்டு எழுதுவினம், எங்களுக்கு அதைப் பாத்தா 'செய்' எண்டுற டூதான் ஞாபகம் வரும். வாய்விட்டு வாசியுங்கோ, விளங்கும்.

சரி, இன்பினிற்றிவ் எண்டா என்ன? ரு ரீட், ரு ரைட், ரு ஸ்பீக். தமிழில வாசிக்க, எழுத, கதைக்க. தமிழ் ரீச்சர் செயவென் எச்சம் எண்டு படிப்பிச்சிருப்பா, நாங்களும் நித்திரை தூங்கிக்கொண்டு கேட்டிருப்பம். அதுவும் இதுவும் நூத்துக்கு நூறு ஒண்டில்லை, ஆனா இந்தக் கேள்விக்கு அந்தளவு காணும். இப்ப இந்த வசனத்தைச் சொல்லிப் பாருங்கோ: "அவள் வாசிக்கவும் எழுதவும் கதைக்கிறதும் பழகினாள்." பள்ளிக்கூடப் பக்கமே போகாத ஆச்சியும் "என்னடி கதை இது" எண்டு கேப்பா. வாசிக்கவும் எழுதவும் கதைக்கவும் எண்டு வந்தாத்தான் வசனம் நிக்கும். அதாவது பரலல் ஸ்றக்சர் எண்டுறது உங்களுக்குத் தெரியாத புதுச் சாமான் இல்லை, பேர்தான் புதுசு. பிறகேன் இங்கிலீசில தடுமாறுறம் எண்டால், தமிழில 'உம்' ஒவ்வொரு சொல்லின்ர வாலிலயும் ஒட்டிக்கொண்டு வரும், ஒண்டு மாறினா உடன காதில குத்தும். இங்கிலீசில அன்ட் எண்டுறது கடைசிக்கு முன்னால ஒரே ஒருக்காத்தான் வரும், அதுக்கு முன்னால கொமாவாப் போட்டுத் தள்ளிவிட்டிருப்பினம், அதால முதலாவது என்ன உருவத்தில வந்தது எண்டுறது கடைசிக்கு வரேக்க மறந்துபோகும். பேப்பர் அடிக்கிறவை நம்பியிருக்கிறது உந்த மறதியைத்தான்.

அப்ப செய்யவேண்டியது என்ன? வசனத்தை முதலில இருந்து வாசிச்சுக்கொண்டு வராதேங்கோ. பென்சிலை எடுத்து மூட்டுச் சொல்லைத் தேடி வட்டம் போடுங்கோ. அன்ட், ஓர், பற், இந்த மூண்டும்தான் கனக்க வரும். வட்டம் போட்ட உடன அதுக்கு வலப்பக்கம் நிக்கிற சொல்லைப் பாருங்கோ. அது என்ன உருவம்? ருவோட நிக்குதா, இங் வாலோட நிக்குதா, வெறும் வேர்ப்பா (வேர்ப் எண்டா வினைச்சொல்), நடந்து முடிஞ்சதைச் சொல்லுற வேர்ப்பா? பாத்துட்டு இடப்பக்கமாப் பின்னால போய் அதுக்குச் சோடியைத் தேடுங்கோ. ஏன் பின்னால இருந்து எண்டு அவளும் கேட்டவள். மூட்டுக்கு வலப்பக்கம் நிக்கிறது கட்டாயம் கூட்டத்தில ஒரு ஆள், அதில சந்தேகமில்லை. இடப்பக்கம் நாலைஞ்சு வேர்ப் நிக்கலாம், எது கூட்டாளி எது வழிப்போக்கன் எண்டு முன்னால இருந்து வாசிச்சா தெரியாது.

"ஷீ லேர்ன்ற் ரு ரீட், ரு ரைட் அன்ட் ஸ்பீக்கிங்." அன்டுக்கு வலப்பக்கம் ஸ்பீக்கிங். பின்னால போனா ரு ரைட், இன்னும் பின்னால ரு ரீட். ஸ்பீக்கிங் ஒத்துவரேல்லை, ரு ஸ்பீக் எண்டு மாத்தவேணும், முடிஞ்சுது. இது லேசு.

லேசில்லாதது ருவை எத்தினை தரம் போடுறது எண்டுறது, பாதிப் பிள்ளையள் விழுறது இங்கதான். வீட்டை யோசிச்சுப் பாருங்கோ. ஒண்டில் றோட்டில ஒரு படலை, எல்லாரும் அந்தப் படலையால உள்ள வருவினம். இல்லாட்டி ஒவ்வொரு அறைக்கும் தனித்தனிக் கதவு. "ஐ வோன்ற் ரு குக், ஈற் அன்ட் ஸ்லீப்" எண்டா ஒரு படலை, ரு ஒருக்கா வெளியில நிக்குது, குக், ஈற், ஸ்லீப் மூண்டும் அதுக்குள்ள. "ஐ வோன்ற் ரு குக், ரு ஈற் அன்ட் ரு ஸ்லீப்" எண்டா மூண்டுக்கும் கதவு. ரெண்டும் சரி. ஆனா "ரு குக், ஈற் அன்ட் ரு ஸ்லீப்" எண்டு வந்தா? கடைசி ஆளுக்குக் கதவு இருக்கு, நடுவில நிக்கிற ஈற்றுக்கு இல்லை, அப்ப அது பிழை. கதைக்கிற இங்கிலீசில வெள்ளைக்காரரும் உப்பிடிச் சொல்லுவினம், ஒருத்தரும் கண்டுக்கமாட்டினம், ஆனா ரெஸ்ற் பேப்பரில பிழை எண்டா பிழைதான்.

ரெண்டே ரெண்டு சாமான் எண்டால் இந்தப் பிரச்சினையே இல்லை, "ரு குக் அன்ட் ஈற்" எண்டாலும் "ரு குக் அன்ட் ரு ஈற்" எண்டாலும் சரி, அந்த ரெண்டும் நாலு ஒப்சனுக்குள்ள சேந்து வந்திருந்தா பிழை ருவில இல்லை, அந்த ஒப்சனில வேறை எங்கயோ இருக்கு, அங்க தேடுங்கோ. இதைச் சொன்ன நாளில இருந்து அவளுக்குப் பாதி நேரம் மிச்சம்.

படலைக் கதையில ஒரு விதிவிலக்கு இருக்கு, அதையும் சொல்லிப்போடுறன், இல்லாட்டி பேந்து என்னைப் பேசுவீங்கள். "ஹீ கேம் ரு கிளீன் அன்ட் பெயின்ற் த வோல் அன்ட் ரு ஃபிக்ஸ் த கேற்." இதில நடு ஆள் பெயின்ற்றுக்குக் கதவு இல்லை, கடைசி ஆளுக்கு இருக்கு, ஆனா வசனம் சரி. ஏனெண்டா இது மூண்டு சாமான் இல்லை, ரெண்டு சாமான். மதில் வேலை ஒண்டு, கேற் வேலை ஒண்டு. மதில் வேலைக்குள்ள கழுவுறதும் பெயின்ற் அடிக்கிறதும் ஒரே கதவுக்குள்ள இருக்கினம். எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டால் அன்ட்டை எண்ணுங்கோ. அன்ட் ரெண்டு தரம் வந்து கொமாப் பட்டியல் இல்லாமல் இருந்தா வீட்டுக்குள்ள வீடு இருக்கு எண்டு யோசிக்கலாம்.

இப்ப நான் எல்லாத்திலயும் முக்கியம் எண்டு நினைக்கிறதுக்கு வாறன். உருவத்தை மட்டும் பாத்து விடை போட்டா ஒரு இடத்தில வடிவா மாட்டுப்படுவீங்கள். இந்த வசனத்தைப் பாருங்கோ: "ஹீ வென்ற் ரு பாசையூர் ரு பை ஃபிஷ் அன்ட் ஒரு இடைவெளி ஹோம் பிஃபோர் நூன்." விடைகள் கம், ரு கம், கமிங், கேம். இப்பதான் பரலல் படிச்ச பிள்ளை பாஞ்சடிச்சு ரு கம் எண்டு போடும், ஏனெண்டா பக்கத்தில ரு பை நிக்குது. பிழை. மீன் வாங்கவும் வீட்ட வரவும் எண்டே பாசையூருக்குப் போனவன்? வீட்ட வாறதுக்கு ஆரும் பாசையூருக்குப் போறேல்லை, வீட்டிலயே இருந்திருக்கலாம். போனான், வந்தான். கேம் எண்டுறது வென்ற்றோட சோடி. ரு பை நடுவில நிக்கிற வழிப்போக்கன்.

அதே வசனத்தைக் கொஞ்சம் மாத்துவம்: "ஹீ வென்ற் ரு பாசையூர் ரு பை ஃபிஷ் அன்ட் இடைவெளி இற் இன் சுன்னாகம்." விடைகளில செல், செல்லிங், ருவோட ஒரு செல்லிங், செல்ஸ். இப்ப மீனை வாங்கி சுன்னாகத்தில விக்கத்தான் போறான், ரெண்டும் போனதின்ர நோக்கம், அப்ப செல் எண்டுறது பையோட சோடி, ஒரே படலை. இதே கேள்விக்கு சோல்ட் எண்டு ஒரு ஒப்சன் குடுத்திருந்தா அதுவும் சரியா வரும், போனான் வித்தான் எண்டு, அதாலதான் நல்ல பேப்பரில அந்த ரெண்டையும் சேத்துக் குடுக்கமாட்டினம். தமிழ்க் காது உதவுற இடம் இதுதான்: வசனத்தைத் தமிழில சொல்லுங்கோ, 'வாங்கவும் விக்கவும்' எண்டு உம் ரெண்டு பக்கமும் ஒட்டுதா, இல்லை 'வாங்கப் போய், வந்தான்' எண்டு போகுதா? உம் ஒட்டினா ருவோட சோடி, ஒட்டாட்டி மெயின் வேர்ப்போட சோடி.

ஆனா தமிழை எல்லா இடத்திலயும் நம்பவும் ஏலாது. நீந்திறது எனக்கு விருப்பம் எண்டதுக்கு ரு ஸ்விம்மும் வரும், ஸ்விம்மிங்கும் வரும், தமிழில ரெண்டுக்கும் ஒரே சொல்லு. ஆர் ஆரோட சேருறது எண்டு தமிழ் சொல்லும், என்ன உடுப்புப் போடுறது எண்டு சொல்லாது. உடுப்பைத் தீர்மானிக்கிறது முன்னால நிக்கிற வேர்ப். வோன்ற், ஹோப், டிசைட், பிளான், பிறொமிஸ், றிஃபியூஸ், இதுகளுக்குப் பின்னால ரு. எஞ்சோய், அவோய்ட், ஃபினிஷ், சஜெஸ்ற், இதுகளுக்குப் பின்னால இங். லைக், ஸ்ராட், பிகின், ஹேற் எண்டுறதுகளுக்கு ரெண்டும் சரி, ஆனா எது தொடங்கிச்சுதோ அதுதான் கடைசி மட்டும். இந்தப் பட்டியலைப் பாடமாக்கத்தான் வேணும், வேறை வழியில்லை, நான் சமையலறைக் கதவில ஒட்டித்தான் பாடமாக்கினது.

இதில ஒரு கள்ள வேலை செய்வினம். "தே டிசைடட் செல்லிங் த லான்ட், பேயிங் த லோன் அன்ட் மூவிங் ரு வவுனியா." மூண்டும் இங், பாக்க வரிசையா அழகா நிக்குது, பரலல் சரி. ஆனா டிசைடட்டுக்குப் பின்னால இங் வராது. மூண்டு பேரும் ஒரே யூனிஃபோம், ஆனா பிழையான பள்ளிக்கூடத்து யூனிஃபோம். சரியான வசனம் "டிசைடட் ரு செல் த லான்ட், பே த லோன் அன்ட் மூவ் ரு வவுனியா." அதால சோடி பாத்து முடிய முன்னுக்கு நிக்கிற வேர்ப்பையும் ஒருக்காப் பாருங்கோ.

அந்த வவுனியாவுக்கு முன்னாலயும் ஒரு ரு நிக்குது, கவனிச்சனீங்களோ? அது இன்பினிற்றிவ் இல்லை, இடத்துக்கு முன்னால வாற ரு, தமிழில 'க்கு'. வவுனியாவுக்கு. இந்த 'க்கு' ரு சில வேர்ப்போட ஒட்டிக்கொண்டு வந்து ஏமாத்தும். லுக் ஃபோவர்ட் ரு எண்டுறது ஆகப் பெரிய கள்ளன். "வீ லுக் ஃபோவர்ட் ரு மீற்றிங் அவ கசின்ஸ் அன்ட் ரு ஈற் மாம்பழம் வித் தெம்." வெளிநாட்டில இருந்து ஆக்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்க எழுதுற வசனம் மாதிரி இருக்கு, பிழை. அந்த ருவுக்குப் பின்னால மீற்றிங் வந்ததே அது 'க்கு' ரு எண்டுறதுக்கு அடையாளம், அப்ப ஈற்றிங்தான் வரவேணும். ஒப்ஜெக்ற் ரு, டிவோற்றட் ரு, பீ யூஸ்ட் ரு, இதுகளும் இதே கூட்டம். சோதிக்கிற வழி சின்னது. ருவுக்குப் பின்னால ஒரு பொருளின்ர பேரைப் போட்டுப் பாருங்கோ. லுக் ஃபோவர்ட் ரு த ஹொலிடே, வருது, அப்ப அது 'க்கு' ரு, வேர்ப் வந்தா இங். டிசைட் ரு த ஹொலிடே, வரேல்லை, அப்ப அது இன்பினிற்றிவ் ரு.

ரு இல்லாமலே வாற இன்பினிற்றிவும் இருக்கு. மேக், லெற் ரெண்டுக்கும் பின்னால வெறும் வேர்ப். "அம்மா மேட் மீ வோஷ், ட்றை அன்ட் ரு ஃபோல்ட் த குளோத்ஸ்" எண்டா அந்த ருவை வெட்டவேணும். ஆனா என்னைச் செய்ய வச்சவை எண்டு மாறி "ஐ வோஸ் மேட் ரு வோஷ்" எண்டு வந்தா ரு வந்து குந்திக்கொள்ளும். ஹெல்ப் எண்டுறது ரெண்டு பக்கமும் ஓமெண்டு தலையாட்டிற ஆள், எது முதல் வந்ததோ அதைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ.

சோடிச் சொற்களுக்கு விரல் வேலை. நொற் ஒன்லி வந்தா பற் ஓல்சோ வரும், ஐதர் வந்தா ஓர், போத் வந்தா அன்ட். இடக்கை விரலை நொற் ஒன்லிக்கு அங்கால நிக்கிற சொல்லிலயும் வலக்கை விரலை பற் ஓல்சோவுக்கு அங்கால நிக்கிற சொல்லிலயும் வையுங்கோ. ரெண்டு விரலுக்குக் கீழயும் ஒரே உருவம் இருக்கவேணும், அவ்வளவுதான். "ஷீ வோன்ற்ஸ் நொற் ஒன்லி ரு பாஸ் பற் ஓல்சோ ரு கெற் ஆன் ஏ" சரி. "ஷீ வோன்ற்ஸ் ரு நொற் ஒன்லி பாஸ் பற் ஓல்சோ கெற் ஆன் ஏ" இதுவும் விரல் கணக்கில சரி. "நொற் ஒன்லி ரு பாஸ் பற் ஓல்சோ கெற்" எண்டா ஒரு விரலுக்குக் கீழ ரு, மற்ற விரலுக்குக் கீழ இல்லை, வெட்டுங்கோ.

ஒப்பிடேக்கயும் இதே கதை, "இற் இஸ் பெற்றர் ரு ஆஸ்க் தன் ரு கெஸ்." தன்னுக்கு ரெண்டு பக்கமும் ரு. இஸ் எண்டுறதும் சில நேரம் மூட்டு வேலை செய்யும், ரு எண்டு தொடங்கி இஸ் வந்து அந்தப் பக்கம் இங் நிண்டா சந்தேகப்படுங்கோ.

பெரிய ரெஸ்ற்றுகளில வசனம் நீளமாத்தான் வரும். "த ரீச்சர் ரோல்ட் அஸ் ரு பிறிங் த புக்ஸ் தற் வீ ஹட் பொறோட் ஃப்றம் த லைப்றரி, ரு றிற்றேர்ன் தெம் பிஃபோர் த ஹொலிடேஸ், அன்ட் தற் வீ ஷுட் சைன் த றெஜிஸ்ரர்." மூச்சு வாங்குது. தற் எண்டு தொடங்கி லைப்றரி மட்டும் இருக்கிறதைப் பென்சிலால கோடு போட்டு வெட்டிவிடுங்கோ, எந்தப் புத்தகம் எண்டு எங்களுக்கு என்னத்துக்கு. மிஞ்சிறது ரு பிறிங், ரு றிற்றேர்ன், அன்ட் தற் வீ ஷுட் சைன். கடைசி ஆள் தனி வசனமா வெளிக்கிட்டுட்டார், ரு சைன் எண்டு திருத்தவேணும்.

எந்த ரெஸ்ற்றுக்கு உது தேவை எண்டு கேக்கிற ஆக்களுக்கு ரெண்டு வரி. ரோஃபல் ஐரிபி எண்டுற இங்கிலீஸ் ரெஸ்ற்றின்ர முதலாம் லெவலில, ரெண்டாம் பகுதியில 25 நிமிசத்தில 40 கேள்வி, அதில 15 இடைவெளி நிரப்புறது, 25 கோடு போட்ட நாலில பிழையைப் பிடிக்கிறது, ரெண்டிலயும் பரலல் வரும். பிழை பிடிக்கிறதில ஒண்டை மறக்காதேங்கோ, கோடு போடாத சொல்லு சரி எண்டு எடுத்துக்கொண்டுதான் மற்றதைத் திருத்தவேணும், அதால கோடு இல்லாமல் ரு ரீட் நிண்டா ரு தான் அளவுகோல். பிஸ்னஸ் மேற்படிப்புக்கு எழுதுற ஜிமற்றில வசனம் திருத்திற பகுதியை 2023 கடைசியில வந்த புது வடிவத்தோட எடுத்துப்போட்டினம், ஆனா பழைய ஜிமற் புத்தகம் ஆராவது சும்மா தந்தா வாங்குங்கோ, பரலல் பழகிறதுக்கு அது நல்ல சாமான். ஐஈஎல்ரிஎஸ்ஸில கிறமருக்கெண்டு தனிப் பேப்பர் இல்லை, எண்டாலும் றைற்றிங் மார்க்ஸில காற்பங்கு கிறமருக்குத்தான், அங்க உங்கட வசனத்தை நீங்களே திருத்தவேணும்.

பழகிற முறை எண்டு நான் அவளுக்குக் குடுத்தது இதுதான். முதல் ரெண்டு நாள் விடையே போடக்கூடாது. பாஸ்ற் பேப்பரில இருவது வசனம் எடுத்து மூட்டுச் சொல்லுக்கு வட்டம், வலப்பக்க ஆளுக்குக் கோடு, அவரின்ர சோடிக்கு ஒரு அம்புக்குறி, அவ்வளவும்தான். அவளுக்கு அலுப்படிச்சுது, விடை போடாமல் என்ன பேப்பர் எண்டு புறுபுறுத்தாள், தேத்தண்ணியும் பணிஸும் குடுத்துத்தான் இருத்தி வச்சன். மூண்டாம் நாள் விடை போட விட்டன், மணிக்கூடு வைக்காமல். பிறகுதான் நேரம். வட்டம் போடுற பழக்கம் கைக்கு வர முதல் நேரம் வச்சா பிள்ளை திரும்பவும் காதாலதான் விடை எழுதும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்து புது பேப்பர் ஒண்டு செய்தாள். இந்தச் சாதிக் கேள்வி பதினொண்டு இருந்தது, ஒன்பது சரி. பிழைச்ச ரெண்டில ஒண்டு லுக் ஃபோவர்ட் ரு, மற்றது பாசையூர் மாதிரி ஒரு வசனம், அதில ஒரு பெரியவர் பாங்குக்குக் காசெடுக்கப் போய் குடையை மறந்திட்டு வாறார். அவள் அவரைக் குடையை மறக்கிறதுக்கெண்டே பாங்குக்கு அனுப்பிவிட்டிருந்தாள்.